கலைத்த டிவிஷனின் தையல்காரர்

கீழ்க்கட்டளையில் ஷரீஃபாவுக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. நல்ல பெயர் அவள் தைக்கும் பள்ளிச் சீருடைக்கு. ஜூன் மாதம் தைத்த பாவாடை மார்ச் வரை ஓரம் பிரியாது. பிள்ளை வளர்ந்தால் இறக்கிவிட உள்ளே துணியும் விட்டிருப்பாள். கெட்ட பெயர் அவள் கழுத்தில் கிடந்த கருகமணிக்கு. புருஷன் காணாமல் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, பட்டாளத்திலிருந்து பென்ஷன் வருகிறது, இவள் அதைக் கழற்றவில்லை. “பென்ஷனுக்கு விதவை, தெருவுக்கு சுமங்கலி” என்று எதிர்வீட்டுக் கங்கையம்மாள் ஒருமுறை சொன்னாள். சொன்ன அதே வாரம் ஜாக்கெட் தைக்கவும் வந்து நின்றாள். ஷரீஃபா முகம் கோணாமல் அளவெடுத்து, கையைக் கொஞ்சம் இறுக்கமாகத் தைத்துக் கொடுத்தாள். அதோடு அந்த விவகாரம் தீர்ந்தது.

புருஷன் அயூப் பட்டாளத்தில் தையல்காரர். பட்டாளத்தில் என்னய்யா தையல் என்று சிரிப்பவர்கள் உண்டு. சட்டை கிழியாமல் எந்த ஊரில் யார் சண்டை போட்டார்கள் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். எல்லையோர மலையில் இருந்த ஒரு டிவிஷனில் அவருக்கு வேலை. நம்பரைச் சொல்லலாம், ஆனால் சொன்ன உடனே நாலு பேர் வந்து அது அப்படியில்லை இப்படி என்று நமக்கு வகுப்பெடுப்பார்கள். டிவிஷன் என்றே வைத்துக்கொள்வோம். அதன் சின்னம் நாரை. நீலத் துணியில் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளை நாரை. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் சட்டையின் தோளில் அந்த நாரையை வைத்துத் தைப்பது அயூபின் வேலை. லீவில் வரும்போது ஷரீஃபாவுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மெஷின் போட்டுக் கடை வைக்கலாம் என்றார். ஒன்று அவளுக்கு, ஒன்று ஓய்வு பெற்று வந்ததும் அவருக்கு. இரண்டையும் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் கடைசியாக ரயில் ஏறினார். மகன் ஷாகுலுக்கு அப்போது மூன்று வயது.

ஒரு யுத்தம் முடிந்த கையோடு அவசரமாகத் திரட்டிய டிவிஷன் அது. பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேல் அந்த மலையிலேயே குடியிருந்தது. அதற்கென்று ரோடு, பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், கோயில், சர்ச், கால்பந்து மைதானம் எல்லாம் இருந்தன. செத்தவர்கள் பெயரை வெட்டிய ஒரு கல்லும் இருந்தது. ஒருநாள் இனி இது தேவையில்லை என்று மேலே முடிவெடுத்தார்கள். பத்தாயிரம் பேர் இருந்த ஒரு ஊரை ஒரு கையெழுத்தில் இல்லாமல் ஆக்கினார்கள். ஆட்களை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக வேறு படைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். போகுமுன் எல்லார் தோளிலிருந்தும் நாரையை எடுக்கவேண்டும். தைத்தவர்தானே பிரிக்கவேண்டும். அயூப் பிளேடை வைத்துக்கொண்டு உட்கார, வரிசையாக வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்களாம்.

இதையெல்லாம் வந்து சொன்னவர் லாசரஸ். அதே டிவிஷனில் ஹவில்தார், கிழக்குத் தாம்பரத்துக்காரர். பட்டாளத்துக்குப் பிறகு ஒரு அப்பார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். இப்போது முழுநேரமும் சர்ச் கமிட்டியோடு சண்டை போடுகிறார்.

“பிரிச்சு எடுத்துட்டாலும் அந்த எடம் மட்டும் நெறம் மங்காம இருக்கும் தங்கச்சி,” என்றார். “சட்டையெல்லாம் வெய்யில்ல வெளுத்துப் போயிருக்கும். நாரை இருந்த எடத்துல நாரை மாதிரியே கறுப்பா நிக்கும். புது எடத்துக்குப் போனா எல்லாம் அதத்தான் பாத்தானுங்க.”

கொடியை இறக்கிய பிறகும் கொஞ்சம் பேரை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். மிச்சமிருந்த சாமான்களைக் கட்டி இறக்கி ஒப்படைக்கிற கடைசிக் கும்பல். அயூபும் லாசரஸும் அதில் இருந்தார்கள். மழைக்காலம். கடைசி லோடு ஏற்றிய லாரி மலையிலிருந்து இறங்கும்போது ரோடு சரிந்து, லாரி ஆற்றுக்குள் போனது. உள்ளே நாலு பேர். மூன்று பேருடைய உடல் கிடைத்தது. அயூபுடையது கிடைக்கவில்லை.

லாசரஸ் பின்னால் வந்த ஜீப்பில் இருந்தார். லாரி போனதைப் பார்த்தார், கீழே ஓடிய தண்ணீரையும் பார்த்தார். ஆனால் கீழ்க்கட்டளைக்கு வந்து, இடுப்பில் பிள்ளையோடு நின்ற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தபோது அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

“கெடைக்கல தங்கச்சி.”

கிடைக்காத பொருளைத் தேடத்தானே செய்வார்கள். ஷரீஃபா தேடினாள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். “அந்த டிவிஷனே இப்ப இல்லையேம்மா” என்றார்கள் ஓரிடத்தில். அந்தக் கடைசிக் கும்பலைப் பேருக்கு எந்தப் படையோடு சேர்த்து வைத்திருந்தார்களோ, அந்தப் படைக்காரர்கள் “அவர் எங்க ஆள் இல்லை” என்றார்கள். இரண்டு நாற்காலிக்கு நடுவில் விழுந்தவரை எந்த நாற்காலியும் தன்னுடையவர் என்று சொல்லவில்லை. ஏழு வருஷம் கழித்து அரசாங்கம் அவரை இறந்தவராக வைத்துக்கொண்டு பென்ஷன் கொடுத்தது. வாங்கிக்கொண்டாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் ஒரு காரியத்தை விடாமல் செய்தாள். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அயூபுக்கு ஒரு புதுச் சட்டை தைப்பாள். அளவு மனப்பாடம். பெருநாள் காலையில் அதை மடித்து அவருடைய மெஷின்மேல் வைப்பாள். வருஷம் முழுக்க அது அங்கேயே இருக்கும். அடுத்த ரம்ஜான் வரும்போது பழையதை எடுத்து, பள்ளிவாசலில் ஏழைகளுக்கு வாங்கும் துணிகளோடு போட்டுவிட்டுப் புதியதை வைப்பாள். அவர் வந்தால் போட்டுக்கொள்ள அவர் அளவில் ஒரு சட்டை எப்போதும் தயாராக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

இதில் என்ன ஆகும் என்று தையல்காரி யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

ஷாகுல் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கூட்டத்தில் ஒரு முதுகைப் பார்த்தாள். அயூபின் முதுகு. தோளின் அகலம், காலர் உட்கார்ந்த விதம், இடது கைப் பக்கம் துணி லேசாகச் சுருங்கிய விதம் எல்லாம் அவரே. கூப்பிட வாய் வரவில்லை. அந்த முதுகு ரயிலில் ஏறியது, இவளும் ஏறினாள். தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்தது, இவளும் பிடித்தாள். பசியில் அழுத பையனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு படப்பை வரைக்கும் போனாள். மார்க்கெட்டில் வாழைக்காய் பேரம் பேச அந்த ஆள் திரும்பினான். அம்மைத் தழும்பு விழுந்த, யாரென்றே தெரியாத ஒரு முகம்.

“இன்னாம்மா, பின்னாடியே வர?”

ஷரீஃபா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். பொத்தான் பட்டியில் அவளுடைய தையல். போன வருஷம் பள்ளிவாசலில் போட்ட சட்டை.

“வழி தப்பிடுச்சு,” என்றாள்.

தெரிந்துகொண்ட பிறகாவது நிறுத்தினாளா என்றால், இல்லை. வருஷத்துக்கு ஒரு அயூபை அவளே தைத்து ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டை ஸ்டேஷன் படியில், மேடவாக்கம் கூட்டு ரோட்டில், ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என்று அவர் முதுகு அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நம் சட்டைதான் என்று புத்திக்குத் தெரியும். கால் கேட்காது. ஷாகுலின் பிள்ளைப் பருவம் முழுக்க யாரோ ஒருவருடைய பின்னால் இழுபட்டுப் போவதிலேயே கழிந்தது. பெரியவனானதும் அவன் அம்மாவோடு எங்கேயும் போவதை நிறுத்திக்கொண்டான்.

கடையிலும் அவளுக்கு நிம்மதி கிடையாது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு அடங்கியிருக்கும் நேரத்தில், அவள் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் இருக்கும் மெஷினின் மிதிகட்டை மெதுவாக ஓடும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். அதனால் அவள் திரும்புவதில்லை. “வந்துட்டீங்களா,” என்று மட்டும் கேட்பாள். பயமில்லை. பயப்பட அதில் என்ன இருக்கிறது, புருஷன்தானே. ஆனால் அந்த நாட்களில் மாலையில் அவளுக்குச் சோறு இறங்காது.

பெருவெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரில் தங்கை வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டாள். பட்டாளத்துப் படகு வந்தது. ஒரு சிப்பாய் கை நீட்டினான். அவள் அவன் கையைப் பிடிக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படகில் இருந்த ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தாள். எல்லாம் இருபது இருபத்தைந்து வயதுப் பையன்கள். அவர்களில் இவள் யாரைத் தேடுகிறாள் என்று தங்கைக்குப் புரிந்தது. இவளுக்குத்தான் புரியவில்லை.

இந்த வருஷம் சித்திரை வெயிலில் லாசரஸ் குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

“தங்கச்சி, நம்ம டிவிஷன மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க. அதே நம்பரு. அதே நாரை.”

ஷரீஃபா கத்தரியைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஆளுங்க?” என்றாள்.

லாசரஸுக்கு அந்தக் கேள்வி ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் குடையை மடக்கி மடக்கி விரித்தார். ஆட்கள் எல்லாம் புதுசு, பழைய ஆட்கள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் பருத்தித் துணி எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். ரம்ஜான் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இந்த வருஷச் சட்டை மெஷின்மேல் புதுமெருகு குலையாமல் இருக்கிறது. இருந்தும் இன்னொன்று தைத்தாள். ஒரு டிவிஷனே செத்து, இத்தனை வருஷம் கழித்து எழுந்து வரும் என்றால் ஒரு தையல்காரர் வருவதற்கு என்ன? அப்படித்தான் அவள் மனசு ஓடியது. பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். பைபிளில் தன் பெயர்க்காரர் செத்து எழுந்து வந்த கதையை நாற்பது வருஷம் எல்லாருக்கும் சொல்லிவந்த லாசரஸுக்கே அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் லாசரஸ் ஒரு பெண் அதிகாரியோடு வந்தார். மேஜர் மாளவிகா, கோயம்புத்தூர்ப் பெண். புது டிவிஷனில் பழைய சரித்திரத்தைச் சேகரித்து எழுதும் பொறுப்பு அவளுக்கு. பரங்கிமலைக்கு வேறு வேலையாக வந்தவள், இதற்காக நேரம் ஒதுக்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்யும் ஷாகுலும் அன்று வீட்டில் இருந்தான். கடைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். மாளவிகா தெரியாமல் அயூபின் மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஷாகுல் அம்மாவைப் பார்த்தான்.

“அம்மா, பழைய நினைவுக்கல்லு பக்கத்துலயே புதுசா ஒண்ணு வைக்கறோம்,” என்றாள் மாளவிகா. “டிவிஷன் கலைச்ச பிறகு இறந்தவங்க பேரு எதுலயும் இல்ல. அந்த லாரியில போனவங்களும் எங்க ஆளுங்கதான்னு இப்ப முடிவு பண்ணியிருக்கோம். மூணு பேரு பேரு வெட்டியாச்சு. நாலாவது எடத்த விட்டு வச்சிருக்கோம். உடல் கெடைக்கலைங்கறதால குடும்பத்துல கேக்காம வெட்ட மாட்டோம். நீங்கதான் சொல்லணும்.”

“நான் சொன்னா வெட்டுவீங்க.”

“ஆமாம்மா.”

“வேணான்னா?”

“அந்த எடம் அப்படியே இருக்கும். எத்தனை வருஷம் ஆனாலும்.”

இத்தனை காலம் ஷரீஃபா, எங்கள் ஆள் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அலைந்தாள். இப்போது சொல்ல வந்திருக்கிறார்கள். வெட்டு என்று இவள் சொன்னால் அயூபுக்கு ஒரு டிவிஷன் கிடைக்கும். ஆனால் அவரைக் கொன்றவளும் இவளாகத்தான் இருப்பாள். வேண்டாம் என்றால் அவர் உயிரோடு இருப்பார், யாருடைய ஆளாகவும் இல்லாமல்.

“அண்ணா, நீங்க பாத்தீங்கல்ல,” என்று லாசரஸ் பக்கம் திரும்பினாள். “ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லுங்க.”

லாசரஸ் தரையைப் பார்த்தார். “அந்தத் தண்ணியில எருமை வுழுந்தாலும் எந்திரிக்காதும்மா,” என்றார். “அன்னைக்கே சொல்லியிருக்கணும். உன் கையில புள்ள இருந்துச்சு.”

மாளவிகா கனிவாகத்தான் கேட்டாள், எழுதிக்கொள்ள வேண்டிய விவரம் அது:

“அப்ப அவருக்கு என்ன வயசும்மா?”

“முப்பத்தொண்ணு.”

மாளவிகா சுற்றிலும் பார்த்து, மெஷின்மேல் இருந்த சட்டைகளை எடுத்தாள். புதிதாக இருக்கிறதே, ஷாகுலுக்கா என்று கேட்டாள். ஷாகுல் ஒன்றை வாங்கி விரித்துப் பார்த்தான். என்னவோ தோன்ற, போட்டிருந்த டி-ஷர்ட்டின் மேலேயே அதில் கையை நுழைத்தான். தோள் ஏறவில்லை. பொத்தான் பட்டிகள் இரண்டும் அவன் வயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றுவிட்டன.

“எனக்கே பத்தலம்மா,” என்றான்.

ஷரீஃபா மகனைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. தாடியிலும் இரண்டொரு வெள்ளை முடி. முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவனுக்குப் பத்தாத சட்டையை இவள் அவனுடைய அப்பனுக்கு என்று தைத்து வைத்திருக்கிறாள். இன்றைக்கு அயூப் அந்த வாசலில் வந்து நின்றால் அறுபது தாண்டிய ஒரு கிழவர் வந்து நிற்பார். அவரை இவளுக்கு அடையாளம்கூடத் தெரியாது. இத்தனை வருஷமாகப் பல்லாவரத்திலும் படப்பையிலும் படகிலும் அவள் தேடியது அந்தக் கிழவரை இல்லை. அவள் தேடிய ஆள் எந்த ஊரிலும் இல்லை.

“போட்டோ இருக்காம்மா? உங்க டிவிஷன் பசங்க போட்டோ?” என்று மாளவிகாவைக் கேட்டாள்.

மாளவிகா போனில் காட்டினாள். வரிசை வரிசையாகப் பையன்கள், தோளில் வெள்ளை நாரை. ஷரீஃபாவின் விரல் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனது. இரண்டாவது வரிசையில் பாதி போகும்போது அவளே விரலை எடுத்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வெட்டிடுங்க,” என்றாள். “அயூப்கானுன்னு வெட்டாதீங்க, கான் எல்லாம் கெடையாது. வெறும் அயூப். தையல்காரருன்னும் போடுங்க.”

மறுநாள் காலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை ஷாகுல் அழைத்துவந்தான். இத்தா இருக்கவேண்டும், முறையைச் சொல்லுங்கள் என்று ஷரீஃபா கேட்டிருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. ஹஜ்ரத் நல்ல மனிதர். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளிடம் பொறுமையாகச் சொன்னார்:

“அம்மா, மவுத்தான தேதியிலேர்ந்துதான் இத்தாவுக்குக் கணக்கு. அரசாங்கம் சொன்ன தேதிய வச்சுக்கிட்டாக்கூட அது எப்பவோ முடிஞ்சிபோச்சு. இப்ப உங்க மேல கடமை இல்ல. துஆ செய்ங்க, போதும்.”

“உங்க கணக்கு சரிதான் ஹஜ்ரத்,” என்றாள் ஷரீஃபா. “எனக்கு அவரு நேத்துதான் மவுத்தானாரு. கடமையா இருக்கல. எனக்காக இருக்கேன்.”

ஹஜ்ரத் தலையாட்டினார். வேண்டாம் என்று அதற்குமேல் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று அயூபுக்காக துஆ ஓதிவிட்டுப் போனார்.

ஷரீஃபா கருகமணியைக் கழற்றி மருமகளிடம் கொடுத்துவிட்டு உள் அறைக்குப் போனாள். அன்று அவள் அழுத அழுகை சந்து முழுக்கக் கேட்டது. கங்கையம்மாள் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, மத்தியானம் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பள்ளி திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்திலேயே கடையில் கூட்டம் நெரியும் நேரம். ஷாகுல் ஒரு வாரம் லீவு போட்டு, மூடிய ஷட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களை வேறு கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் எல்லாம் தெருக்காரர்கள், விஷயம் தெரிந்தவர்கள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் தெரியாது. பேரப்பிள்ளையின் சீருடைத் துணியைப் பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“இன்னாப்பா, இந்த நேரத்துல கடைய மூடி வச்சிகினு?”

“எங்க அத்தா எறந்துட்டாரும்மா,” என்றான். அப்பா இறந்துவிட்டார் என்ற இந்த வாக்கியத்தை அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டபோதும் சொன்னதில்லை, கல்யாணப் பத்திரிகை அடித்தபோதும் சொன்னதில்லை.

“அடடா. வயசானவராப்பா?”

“இல்லம்மா. என்னவிடச் சின்னவரு.”

சொல்லிவிட்டு, அதற்குமேல் முடியாமல் ஷட்டரில் சாய்ந்து அழ ஆரம்பித்தான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.